மேலே ரெக்ஸின், உள்ளே ஃபோம், நடுவில் நம் கஞ்சத்தனம்

டிஸ்கி: இது டூவீலர் சீட்டைப் பற்றிய பதிவு. இதுக்கெல்லாமா ஒரு பதிவு என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதுகு வலி உள்ளவர்கள் சிரிக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். வத்தக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தேன். எங்கள் வீட்டுப் பையர் (கல்லூரி இரண்டாம் ஆண்டு) போனோடு வந்து "அப்பா இதைப் பாருங்க, செமையா பண்றார்" என்றார். பார்த்தேன். ஒரு அமெரிக்கர் தன் ஜெட் ஸ்கியைக் குடைந்துகொண்டிருந்தார். கோவாவில் நாம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோமே, அந்த வகை இல்லை. இது நின்றுகொண்டே ஓட்டுவது. கவாஸாகிக்காரன் 1970களில் கொண்டுவந்த வகை. பின்பக்கம் தொட்டி மாதிரி ஒரு பள்ளம், அதில்தான் கால் வைத்து நிற்கவேண்டும். அந்தப் பள்ளத்தில் வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் பாய் ஒட்டியிருக்கும். அதற்கு 'டர்ஃப்' என்று பெயர். நம்மாள் அந்தப் பாயை ஒட்டுவதற்கு முன்னால், அடியில் ஃபோம் துண்டுகளை ஒட்டி, கத்தியால் சீவி, கிரைண்டரால் (மாவு ஆட்டுவது இல்லை, இரும்பு தேய்ப்பது) தேய்த்து, குதிகாலுக்குப் பின்னால் ஒரு சரிவு, பாதத்தின் ஓரத்தில் ஒரு கரை என்று செதுக்கிக்கொண்டிருந்தார். அலையில் குதிக்கும்போது கால் நழுவாமல் பிடித்துக்கொள்ள. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரே தடவையில் பதித்தார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. "டேய், இதைத்தானேடா நானா பேட் சாச்சா பண்றார்?" என்றேன்.

பையர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பா, இது கஸ்டம் ஒர்க். அது ரிப்பேர்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாம். குறிப்பாக நான். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ராஸ்தா பேட்டை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. காபிப்பொடிக்கும் அப்பளத்துக்கும் மாதம் ஒருமுறையாவது போகாதவர் யார்? அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் நானா பேட். டூவீலருக்கு ஹாண்டில் முதல் ஹாரன் வரை கிடைக்கும் தெருக்கள். அதில் ஒரு சந்தில், ஆறடிக்கு எட்டடி இடத்தில், ஒரு தையல் மெஷின், ஒரு மரக்கட்டை, மேலே தொங்கும் நாற்பது ஐம்பது ரெக்ஸின் கவர்கள், இவற்றுக்கு நடுவில் சாச்சா. நம்ம ஊர்ப் பக்கம் 'குஷன் ஒர்க்ஸ்' என்று போர்டு வைத்திருப்பார்களே, அதே தொழில். பெயர் சொல்லமாட்டேன். ஏன் என்பதும் கடைசியில் தெரியும்.

2022ல் தங்கமணிக்கு வால் எலும்பில் வலி வந்தது. கோத்ரூடிலிருந்து டெக்கான் பக்கம் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வரை தினமும் காலையில் என் பைக்கின் பின்னால் வருவார். சேலை, அதனால் ஒருபக்கமாக உட்கார்ந்து. கர்வே ரோடு பள்ளமும் மேடும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, உட்காரும் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்றார். நான் பி.காம். படித்தவன், அதுவும் வங்கிக்காரன். உட்காரும் இடத்தைச் சரிசெய்வது என்றால் பணம் கொடுத்துப் பெரிதாக எதையாவது வாங்குவது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏசி போட்ட ஒரு பெரிய ஆக்ஸஸரீஸ் கடைக்குப் போனேன். 'எக்ஸ்ட்ரா குஷன்' கவர், இரட்டைத் தையல், சிவப்பு நூல் பார்டர், 2,200 ரூபாய். பேரம் பேசவே இல்லை. பேரம் பேசும் இடமா அது? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரமாதம் என்று வாங்கி மாட்டினேன்.

பத்து நாளில் வலி அதிகமானது.

"நீங்க வாங்கினது உங்க கண்ணுக்கு. நான் உட்காருறது கண்ணால இல்ல" என்றார் தங்கமணி. இதைவிடச் சிறப்பாக யாராவது இந்த விஷயத்தைச் சொல்லமுடியுமா தெரியவில்லை. ஆனாலும் நான் விரித்துச் சொல்கிறேன், பதிவர் என்றால் அப்படித்தானே.

நாம் எல்லோரும் செய்யும் முதல் தப்பு அந்தக் கட்டைவிரல். சீட்டை விரலால் அழுத்தி, மெத்தென்று இருந்தால் நல்லது என்று முடிவு கட்டுகிறோம். விரல் தொடுவது மேலே இருக்கும் ஒரு சென்டிமீட்டரை. உடம்பு அழுத்துவது அடி வரைக்கும். உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில் இறங்குகிறது. ஆளுக்கு ஆள் மாறும், ஏறக்குறைய 10 முதல் 14 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள். மெத்தென்ற ஃபோம் அந்த இரண்டு புள்ளிக்கும் அடியில் அமுங்கி, அமுங்கி, கடைசியில் பிளாஸ்டிக் தட்டில் போய் இடிக்கும். அதற்குமேல் அமுங்க ஒன்றும் இல்லை, ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக எலும்புக்கு. சுற்றியுள்ள மெத்து மேலே எழும்பி, நடுவில் இருக்கும் வால் எலும்பைப் பிடித்து முட்டும். அதாவது மெத்து கூடக்கூட வலி கூடும்.

இரண்டாவது, அடர்த்தியும் கடினமும் ஒன்று என்று நினைப்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கடினம் என்பது அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. அடர்த்தி அதிகமாக இருந்தும் மெதுவான ஃபோம் உண்டு, அடர்த்தி குறைவாக இருந்தும் முரட்டு ஃபோம் உண்டு. சல்லிசு சோபாவில் போடும் 20 கிலோ சரக்கு கடையில் நன்றாக இருக்கும், ஆறு மாதத்தில் தொய்ந்து போகும். 35, 40 கிலோ நல்ல ஃபோம் வருஷக்கணக்கில் எழுந்து நிற்கும். ரீபாண்டட் என்று ஒன்று, பல நிறத் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து, அழுத்திச் செய்த பலகை. அது 80, 100 கிலோ எல்லாம் போகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கலர் கலர் எள்ளுருண்டை மாதிரி. ஆனால் அடியில் அதுதான் வேண்டும். கீழே உறுதி, நடுவில் நல்ல ஃபோம், மேலே ஒரு விரல் தடிமனுக்கு மெத்து. இதில் எதுவும் கடையில் மாட்டிவைத்த கவரைப் பார்த்தால் தெரியாது.

மூன்றாவது, சரிவு. இதுதான் எனக்குப் பெரிய கோபம். இப்போது வரும் பைக்குகளில் பாதிக்கு மேல் பின்சீட்டு ஒட்டகத்தின் முதுகு மாதிரி தூக்கி, முன்னால் சரிந்து இருக்கிறது. ஷோரூமில் பார்க்க பந்தயக் குதிரை. பிரேக் பிடித்தால் பின்னால் உட்கார்ந்தவர் சறுக்கி ஓட்டுபவர் மேல் வந்து மோதவேண்டும், அல்லது பல்லைக் கடித்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். இளம் ஜோடிகளுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது :-) நாற்பத்து நான்கு வயதில் பிரஷர் குக்கர் பையும் மளிகைப் பையும் மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்காரும் பெண்மணிக்கு அது தினசரித் தண்டனை.

சட்டம் இந்தப் பெண்மணியை மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதியை எடுத்துப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சிக்காமல் இருக்க பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்கவேண்டும். அதாவது சேலை வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். சேலைக்குள் இருக்கும் ஆளைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை முழுக்க சீட்டின் இடது ஓரத்தில் இறங்கும். எந்த வண்டியிலாவது இடது ஓரத்துக்குத் தனியாக உறுதி கொடுத்து நான் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான பெண்கள் உட்காரும் விதம் அது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வேதாள் டேக்டியின் மேல்தான் வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது. அவர்கள் வேலையில் குறை சொல்ல நான் யார்? ஆனால் வண்டி ஒரே அச்சில் வார்த்த சீட்டோடு வரும். ஐம்பது கிலோ ஆளுக்கும் அதுதான், தொண்ணூற்றைந்து கிலோ ஆளுக்கும் அதுதான். ஆயிரம் பேரின் சராசரிக்குச் செய்த சீட்டில் அந்தச் சராசரி ஆள் மட்டும் வந்து உட்காரவே மாட்டார்.

"கம்பெனிக்காரன் இவ்வளவு செலவு பண்ணிச் செஞ்சிருக்கான், இந்த ரோட்டோரக் கடைக்காரருக்கு என்ன தெரியும்?" இந்தக் கேள்வியை எங்கள் ஆபீஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சட்டை தைக்கக் கொடுக்கும்போது டெய்லரை இப்படிக் கேட்பீர்களா? ரெடிமேட் சட்டை அக்குளில் பிடித்தால் ஆல்டர் பண்ணிக்கொள்கிறோம். அது நமக்கு அவமானமாகவும் தெரியவில்லை, கம்பெனிக்கு அவமானமாகவும் தெரியவில்லை. சட்டை பிடித்தால் மூச்சு முட்டும், அவ்வளவுதான். சீட்டு பிடிக்காமல் போனால் முதுகெலும்பு.

சரி, சாச்சாவிடம் போன கதை. தங்கமணியே ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னாராம். சாச்சா அந்த 2,200 ரூபாய் கவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தங்கமணியை வண்டியில் தினமும் எப்படி உட்காருவாரோ அப்படி உட்காரச் சொன்னார். "பேட்டி, பையையும் மடியில் வெச்சுக்கோ" என்றார். என்னையும் முன்னால் உட்காரச் சொன்னார். நான் முன்னால் சறுக்கி டாங்கில் இடிப்பதையும், எனக்குப் பின்னால் இவர் சரிவதையும் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். சாக்பீஸால் நாலு கோடு.

பிறகு சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, கவரை உரித்தார். உள்ளே மஞ்சள் ஃபோம், இடது ஓரம் குழிந்து செத்துப் போயிருந்தது. அவர் அந்த ஓரத்தை முழுக்க வெட்டி எடுத்தார். முன்சீட்டின் சரிவை நீளக் கத்தியால் தகடு தகடாகச் சீவினார். பின்சீட்டின் முன்பகுதியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வைத்து சறுக்கலை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பசை, விரலில் ஒட்டாத பதம், ஒரே அழுத்து. (எலும்பு முனை இறங்கும் இடத்தில் பசை தடவவில்லை. ஏன் என்றேன். காய்ந்தால் அந்தக் கோடு கெட்டியாகும், குத்தும் என்றார். இதை எந்த மேனுவலில் படித்தாராம்?) அப்புறம் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டம் மாட்டித் தேய்த்தார். ஃபோம் தூள் பனி மாதிரி பறந்தது. அவர் மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும். மறுபடி தங்கமணியை உட்காரவைத்தார். மறுபடி சீவினார். மூன்று தடவை. அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட். புனே மழைக்கு அது இல்லாவிட்டால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபோம் ஸ்பாஞ்சாகிவிடும், நாலு நாளைக்கு ஈரம் காயாது. ஜெட் ஸ்கிக்காரர்கள் தண்ணீர் குடிக்காத மூடிய கண் ஃபோம் போடுவது இதனால்தான். நம் சீட்டு ஃபோம் திறந்த கண். மூச்சும் விடும், தண்ணீரும் குடிக்கும்.

கடைசியில் பழைய கவரையே இழுத்து அடித்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டரை மணி நேரம். "எவ்வளவு சாச்சா?" "எழுநூறு."

என் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "ஐநூறு வெச்சுக்கோங்க."

2,200க்குப் பேசாத வாய். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது. எழுநூறும் கொடுத்தேன். ஆனால் அந்த 'ஐநூறு' எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கவர் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு விலை சொன்னால் நியாயமாகப் படுகிறது. ஃபோம் வேலை உள்ளே போய் மறைந்துவிடுகிறது. மறைந்ததற்கு ஏன் காசு? மேலே டைல்ஸ் பார்த்து வீடு வாங்கும் ஜனம்தானே நாம். கேட்டால் "ரோட்டோரம்னா பேரம் பேசணும் சார், இல்லாட்டி ஏமாத்திடுவாங்க" என்போம். ஏமாற்றுபவர்கள் அங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல ஃபோமை எடுத்துவிட்டுக் குப்பையைத் திணிப்பவர், பிளாஸ்டிக் தட்டு தெரியும்வரை வழித்தெடுப்பவர், சீட்டு லாக் சரியாக விழாத அளவுக்கு அடியில் அடைப்பவர். ஆனால் என்னை ஏமாற்றியது ஏசி கடை. அதுவும் பில்லோடு.

நூறு ரூபாய் ஜெல் குஷனை ஆன்லைனில் ஆயிரத்துக்கு வாங்கிச் சீட்டின் மேல் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சரிவு அடியில் அப்படியே இருக்கிறது. நீங்கள் சரிவின் மேல் இன்னொரு சறுக்குப் பலகை வைத்திருக்கிறீர்கள். உயரமும் ஏறிவிட்டது, சிக்னலில் கால் எட்டாது. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல்.

இப்போது சொல்லவேண்டிய விஷயம்.

வேலை முடிந்து கிளம்பும்போது சாச்சா சொன்னார், "இடது ஓரத்துக்கு ரீபாண்டட் வைக்கணும் மேனேஜர் சாப், இன்னிக்கு கையில இல்ல. இப்போதைக்கு ரெண்டு அடுக்கு வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வாங்க, மாத்திக் கொடுக்கறேன், காசு வேணாம்."

மேனேஜர் சாப். நான் வங்கி என்று அவரிடம் சொல்லவே இல்லை. அப்போதுதான் முகம் பிடிபட்டது.

2016. இதே ஊரில் வேறொரு கிளை, கடன் பிரிவில் என் நாற்காலி. முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதாயிரம் வரை சிசு, அதற்குமேல் ஐந்து லட்சம் வரை கிஷோர், ஜாமீன் சொத்து கேட்கக்கூடாது. இவர் வந்து ஒன்றரை லட்சம் கேட்டார். கனமான ரெக்ஸின் தைக்கும் மெஷின் ஒன்று, பசை அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர், மீதிக்கு ஃபோம் சரக்கு. ஃபோமை முழு ஸ்லாப்பாக எடுத்தால் விலை குறையும், எல்லா வகையும் எப்போதும் கையில் இருக்கும் என்று விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேனா? பில் புத்தகம் இருக்கிறதா, கடை வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, வருமான வரி தாக்கல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குறிப்பில் 'சில்லறைப் பழுது வேலை' என்று எழுதினேன். நாற்பதாயிரம் சிபாரிசு செய்தேன். அதே மத்தியானம் சம்பளச் சான்றிதழோடு வந்த ஒரு இளைஞருக்கு லட்ச ரூபாய்க்கு மேல் பைக் லோன் போட்டேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த பைக் ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிஷமே விலை இறங்கும் சரக்கு. அதை அடமானமாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அதில் உட்கார வழிசெய்பவரின் கை மட்டும் அடமானத்துக்கு ஆகவில்லை.

விதிப்படிதான் செய்தேன் என்று என் தரப்பை நானே பேசிக்கொள்ளலாம். பேசிப் பார்த்தேன், நிற்கவில்லை. விதி ஒன்றரை லட்சம் தரலாம் என்றது. தரவிடாதது நான் எழுதிய 'பழுது' என்ற வார்த்தை. பையர் சொன்ன அதே வார்த்தை.

சாச்சா அந்த நாற்பதாயிரத்தில் பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டி முடித்தார். ஃபோம் மட்டும் இன்றுவரை தினமும் துண்டு துண்டாக, சில்லறை விலைக்கு. அதனால்தான் அன்று கையில் ரீபாண்டட் இல்லை. அதனால்தான் தங்கமணி இன்னும் மூன்று நாள் இரண்டு அடுக்கில் உட்கார்ந்து வந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட குறிப்பு, சுற்றி வந்து என் மனைவியின் வால் எலும்பில் நின்றது. சினிமாவில் வந்தால் ஓவர் என்று சொல்லியிருப்பேன்.

இது என் ஒருவன் கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 2023 செப்டம்பர் 17ல் பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்தபோது ஆசையாகப் பட்டியலைத் திறந்தேன். கைத்தொழில் செய்பவர்களுக்கு என்றே வந்த திட்டம். கருவிக்குப் பதினைந்தாயிரம், ஜாமீன் இல்லாமல் முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம், ஐந்து சதவீத வட்டி. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். பதினெட்டு தொழில்கள். தச்சர் உண்டு, தையல்காரர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு, பூத் தொடுப்பவர், பொம்மை செய்பவர், மீன்வலை பின்னுபவர், படகு கட்டுபவர், கவசம் செய்பவர்கூட உண்டு. குஷன் வேலைக்காரர் இல்லை. தையல்காரர் என்று போடலாமா என்றால் அவர் உடை தைப்பவர் இல்லை. தச்சரும் இல்லை. ஊரெங்கும் டூவீலர் ஓடும் நாட்டில் அதன் சீட்டைச் செதுக்குபவருக்குக் கட்டம் இல்லை. சோபா, கார் சீட்டு, ஆட்டோ சீட்டு, ஆஸ்பத்திரி கட்டில் மெத்தை எல்லாம் இவர்கள் கைதான். பட்டியல் போட்ட அதிகாரிகளும் ஏதோ ஒரு குஷன் நாற்காலியில் உட்கார்ந்துதான் போட்டிருப்பார்கள். கவசம் செய்பவரை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பதாவதாக ஒரு வரி சேருங்கள் என்கிறேன். அதுவரைக்கும் முத்ரா இருக்கிறது, என் மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அந்த 'பழுது' வார்த்தையை எழுதும் முன்னால் ஒருதரம் கடைக்குப் போய் நின்று பாருங்கள். இரண்டரை மணி நேரம் ஆகும்.

இப்போது நான் கடன் பிரிவில் இல்லை. போன மாதம் சாச்சாவிடம் புது விண்ணப்பம் போடலாம், ஆவணங்களை நான் தயார்செய்து தருகிறேன் என்றேன். அவருக்கு அறுபத்து மூன்று வயது. "இனி எதுக்கு சாப், பையன் டெலிவரி வேலைக்குப் போயிட்டான்" என்றார். பையன் வண்டியின் சீட்டை யார் செய்தது என்று கேட்டேன். சிரித்தார். வேறு யார் செய்வார்கள்?

நானா பேட் போகிறவர்களுக்கு: சீட்டை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டியோடு போங்கள், பின்னால் உட்காருபவரையும் அழைத்துக்கொண்டு, அவர் வழக்கமாக உடுத்தும் உடையில், வழக்கமாக மடியில் வைக்கும் பையோடு. புதுக் கவர் கேட்காதீர்கள், பழசு கிழியாமல் இருந்தால் போதும். முடிந்ததும் சீட்டு லாக் 'டக்' என்று விழுகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். காசு கொடுக்கும் முன்னால் இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள், சாச்சாவே அதைத்தான் சொல்வார். ரீபாண்டட் கேட்டால் கையில் இருக்காது. செவ்வாய்க்கிழமை வரச்சொல்வார்.